"நெருப்பில்லாத இணைப்பு" என்று நம்பி 1,86,400 ரூபாயை இழந்தேன்: ஏற்காட்டிலிருந்து ஓர் எச்சரிக்கை

செம்புக்குழாய்களை நெருப்பில் பற்றவைக்காமல் அழுத்தியே இணைக்கும் "பிரஸ் பிட்டிங்" வேலைக்கு நான் பணம் கட்டிய இணையச் சந்தைத் தளத்திலிருந்து நேற்று மாலை கடைசி பதில் வந்தது. "உங்கள் புகார் பரிசீலிக்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது" என்ற ஒற்றை வரியைத் தவிர அதில் வேறு எதுவும் இல்லை. யார் பரிசீலித்தார்கள், எதைப் பார்த்தார்கள், நான் அனுப்பிய பதினேழு புகைப்படங்களில் ஒன்றையாவது திறந்தார்களா என்பதற்கெல்லாம் பதில் இல்லை. இரவு முழுவதும் தூக்கம் வரவில்லை. வீட்டிலோ தங்கும் விடுதியிலோ வெந்நீர் பாய்லருக்குச் செம்புக்குழாய் போட நினைக்கும் யாராவது என்னைப் போல ஏமாறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்பதால்தான் விடிந்ததும் உட்கார்ந்திருக்கிறேன்.

ஏற்காட்டில் என் தந்தை கட்டிய பழைய ஓட்டு வீட்டில் மூன்று அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டு, அந்த வருமானத்தில்தான் குடும்பத்தை நடத்துகிறேன். டிசம்பர், ஜனவரி மாதங்களில் இங்கே வெந்நீர் இல்லாமல் விருந்தினர் ஒருவரையும் தங்கவைக்க முடியாது. வீட்டின் பின்புறம் விறகில் எரியும் 200 லிட்டர் பாய்லர் இருக்கிறது. அதிலிருந்து அறைகளுக்குச் செல்லும் இரும்புக் குழாய்கள் துருப்பிடித்து, குழாயைத் திறந்தால் தண்ணீர் காவி நிறத்தில் வர ஆரம்பித்ததால், செம்புக்கு மாற்றிவிடுவது என்று சென்ற அக்டோபரில் முடிவு செய்தேன்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வந்து பார்த்த வயதான பிளம்பர் ஒருவர், குழாய் வாங்கிக் கொடுத்துவிட்டால் ஈயம் கலக்காத வெள்ளீயக் கம்பியில் பற்றவைத்துத் தருவதாகவும், கூலி 24,000 ரூபாய் ஆகும் என்றும், நான்கு நாட்கள் வேண்டும் என்றும் சொன்னார். எனக்கு இரண்டு பயங்கள் இருந்தன. எங்கள் வீட்டின் மேற்கூரை முழுவதும் பழைய மரச்சட்டங்கள்; அவற்றை ஒட்டி கேஸ் டார்ச் எரிவதை நினைக்கவே முடியவில்லை. குழாய்க்குள் துளித் தண்ணீர் நின்றாலும் பற்று சரியாக உருகி ஓடாது என்பதால், முழு வீட்டுக்கும் நான்கு நாட்கள் தண்ணீரை நிறுத்த வேண்டும் என்பது இரண்டாவது. அந்த நேரத்தில்தான் தொழிற்பொருட்கள் விற்கும் ஓர் இணையச் சந்தைத் தளத்தில் பிரஸ் பிட்டிங் விளம்பரத்தைப் பார்த்தேன்.

ஒன்றை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: பிரஸ் பிட்டிங் என்ற முறையே மோசடி அல்ல. குழாய்களை இணைக்கும் துண்டுகளான எல்போ (வளைவு), டீ (கிளை), கப்ளிங் (நேர் இணைப்பு) ஆகியவற்றின் வாய்க்குள் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் இருக்கும். குழாயை உள்ளே செருகி, பேட்டரியில் இயங்கும் கருவியின் தாடைகளால் வெளியிலிருந்து ஒரே அழுத்தாக அழுத்தினால், செம்பு நெளிந்து குழாயைக் கவ்விக்கொள்ளும். ரிங் நசுங்கி நீரை அடைக்கும். நெருப்பு வேண்டாம், பற்றவைக்குமுன் பூசும் பிளக்ஸ் பசை வேண்டாம், குழாய் ஈரமாக இருந்தாலும் பரவாயில்லை. குழாயும் பிட்டிங்கும் ரிங்கும் தாடையும் ஒன்றுக்கொன்று பொருந்தினால் அது நல்ல வேலைதான். அந்தப் பொருத்தம் இருக்கிறது என்று எனக்குச் சொல்லப்பட்டது பொய்.

விற்பனையாளரிடம் தொலைபேசியில் பேசியபோது, பாய்லர் விறகில் எரிவது என்பதையும், அதில் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் எதுவும் கிடையாது என்பதையும் நானே எடுத்துச் சொன்னேன். அவர் சற்றும் தயங்காமல், "மேடம், இதுல இருக்கிறது இபிடிஎம் ரிங்கு, 110 டிகிரி தாங்கும். உங்க ஏற்காட்டுல தண்ணி 95 டிகிரியிலேயே கொதிச்சிடும், அதுக்கு மேல போகவே போகாது, பயப்படாதீங்க" என்றார். இபிடிஎம் என்பது வெந்நீரைத் தாங்கும் ஒரு வகைச் செயற்கை ரப்பர். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 95 டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கும் என்பது உண்மையே. ஆனால் பம்பின் அழுத்தத்தில் மூடிய குழாய்க்குள் இருக்கும் தண்ணீருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது, அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. எங்கள் ஊரின் உயரத்தைக்கூட அறிந்துவைத்திருக்கிறாரே என்றுதான் தோன்றியது. நான் அவரை நம்பியது அந்த ஒரு வாக்கியத்தில்தான்.

குழாய், 62 பிட்டிங்குகள், கருவியுடன் வரும் ஆட்கள் எல்லாம் சேர்த்து 1,52,000 ரூபாய் என்று பேசி, 1,00,000 ரூபாயைத் தளத்தின் வழியாகச் செலுத்தினேன். நவம்பர் மூன்றாம் வாரத்தில் இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். ஒன்றரை நாளில் வேலை முடிந்தது. வேலையின்போது நான் கண்ணால் பார்த்த ஒன்றை இப்போது நினைத்தால் நெஞ்சு எரிகிறது: குழாய் முனை பிட்டிங்குக்குள் எளிதில் நுழையவில்லை. அவர்கள் எமரி தாளால் முனையைத் தேய்த்துத் தேய்த்து, பிறகு முறுக்கி உள்ளே திணித்தார்கள். பற்றவைப்பதற்கு முன்பும் குழாயைத் தேய்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்ததால் இதுவும் அப்படித்தான் போலிருக்கிறது என்று எண்ணி, அவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

மீதி 52,000 ரூபாயைத் தளத்தில் கட்டப்போனபோது, "அக்கா, அதுல கட்டினா எங்களுக்குப் பத்து நாள் கழிச்சுத்தான் வரும், கூலி ஆளுங்க காத்திருக்காங்க, நேரா அனுப்பிடுங்க" என்று மூத்தவர் கேட்டார். அவர் முகத்தைப் பார்த்து, மலையேறி வந்து வேலை செய்த பிள்ளை என்று இரங்கி, அவர் காட்டிய எண்ணுக்கு நேரடியாக அனுப்பினேன்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் விடிகாலை ஐந்தரை மணிக்கு இரண்டாம் அறையின் மேல்மச்சில் இருந்த ஒரு கப்ளிங் குழாயைவிட்டு அப்படியே கழன்றது. கொதிக்கும் தண்ணீர் மரப்பலகை வழியாகக் கீழே கொட்டியது. அந்த அறையில் தங்கியிருந்த தம்பதியர் சூரிய உதயம் பார்க்க அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்பியிருந்தார்கள். அந்தக் கட்டிலில் அவர்களுடைய நான்கு வயது மகள் படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை என்னால் இன்னும் நினைத்துப்பார்க்க முடியவில்லை. விருந்தினர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது 14,400 ரூபாய். மச்சுப் பலகையும் மெத்தையும் மாற்ற 20,000 ரூபாய். ஆக மொத்தம் 1,86,400 ரூபாய். மூன்று அறைகளை வைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு அது என்ன தொகை என்பது விற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சேலம் உருக்காலையில் பணியாற்றி ஓய்வுபெற்ற, எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்த பொறியாளர் ஒருவர் வந்து கழன்ற துண்டுகளை மேசைமேல் வைத்து மில்லிமீட்டரின் சிறு பகுதியையும் காட்டும் வெர்னியர் காலிப்பர் என்ற அளவுகருவியால் அளந்தார். பிட்டிங் 22 மில்லிமீட்டர் குழாய்க்கு உரியது. குழாயோ ஏசி வேலைக்கு விற்கப்படும் முக்கால் அங்குலத்துக்கு அடுத்த அளவு, அதாவது எட்டில் ஏழு அங்குலம், அது 22.22 மில்லிமீட்டர். கால் மில்லிமீட்டர்கூட இல்லாத அந்த வேறுபாட்டைத்தான் எமரி தாளால் தேய்த்து மறைத்திருக்கிறார்கள். தேய்த்த இடத்தில் நீளவாக்கில் விழுந்த கீறல்கள் ஒவ்வொன்றும் ரிங்குக்கு அடியில் தண்ணீர் வெளியேறும் வாய்க்கால். வெட்டிய முனையின் பிசிறு நீக்கப்படாததால் சில ரிங்குகள் செருகும்போதே கத்தியால் கீறியதுபோல அறுந்திருந்தன. குழாய் எவ்வளவு ஆழம் உள்ளே போக வேண்டும் என்று பேனாவால் போடும் அடையாளக் கோடு ஓர் இணைப்பில்கூட இல்லை. கழன்ற கப்ளிங்கில் குழாய் பாதி ஆழம்தான் போயிருந்தது.

பிறகு அவர், பயன்படுத்தாமல் மீந்திருந்த எல்போ ஒன்றிலிருந்து ரிங்கை எடுத்து, ஒரு கண்ணாடிக் குவளையில் டீசல் ஊற்றி அதில் போட்டுவைத்தார். இபிடிஎம் ரப்பர் எண்ணெயில் ஊறி உப்பிவிடும் என்றும், எண்ணெய் சீல்களுக்குப் பயன்படும் நைட்ரைல் ரப்பர் ஏறக்குறைய அப்படியே இருக்கும் என்றும் விளக்கினார். மறுநாள் எடுத்து அளந்தபோது ரிங் உப்பாமல் போட்டபடியே இருந்தது; ஆக அது இபிடிஎம் அல்ல. தொடர்ந்து வெந்நீரில் கிடந்தால் இறுகிவிடக்கூடிய ரப்பரை, 110 டிகிரி தாங்கும் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். மீதி இணைப்புகளில் குளிர்ந்த நீரை நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பார்த்ததில் மேலும் 11 இடங்களில் கசிந்தது. இந்தச் சோதனையை வேலை முடிந்த அன்றே, வெந்நீர் விடுவதற்கு முன்பே, என் முன்னால் செய்து காட்டியிருக்க வேண்டும். ஒரு பிரஷர் கேஜும் கைப்பம்பும் போதும்; ஒரு மணி நேர வேலை.

அதன் பிறகு நடந்ததுதான் என்னை அதிகம் புண்படுத்தியது. விற்பனையாளர் முதலில், பொருத்திய ஆட்கள் தம்முடையவர்களே அல்ல, "தெரிஞ்ச பசங்க" என்றார். அந்த ஆட்களோ, ஏற்காட்டுத் தண்ணீர் கடினமானது, அதனால் ரிங் போயிருக்கும் என்றார்கள். நாற்பது நாட்களில் தண்ணீரின் கடினத்தன்மை ஒரு கப்ளிங்கைக் குழாயிலிருந்து கழற்றிவிடுமா என்று கேட்டதும் அழைப்பைத் துண்டித்தார்கள். தளத்தின் வாடிக்கையாளர் சேவையில் ஆறு முறை ஆறு வெவ்வேறு பேரிடம் முதலிலிருந்து கதை சொன்னேன். ஒருவர், திருப்பி அனுப்பும் காலமான ஏழு நாட்கள் கடந்துவிட்டன என்றார். இன்னொருவர், 52,000 ரூபாய் தளத்துக்கு வெளியே செலுத்தப்பட்டதால் இந்தப் பரிவர்த்தனைக்கே தாங்கள் பொறுப்பல்ல என்றார். அப்படியானால் தளத்தின் வழியாக வந்த 1,00,000 ரூபாய்க்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு, மேலதிகாரி அழைப்பார் என்ற பதிலே வந்தது. அழைத்த மேலதிகாரி, நான் விடுதி நடத்துவதால் நுகர்வோர் ஆகமாட்டேன் என்று சட்டம் பேசினார்.

அது முழு உண்மையல்ல. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்குபவரை விலக்கினாலும், பிழைப்புக்காகத் தாமே உழைத்துத் தொழில் செய்பவரை அந்த விலக்கில் சேர்ப்பதில்லை. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, தளத்தின் குறைதீர்க்கும் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இதை அவரிடம் படித்துக் காட்டினேன். அதன் விளைவுதான் நேற்று வந்த அந்த ஒற்றை வரி.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டேன். சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கத் தாள்களைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை என்பது மட்டும் ஆறுதல்.

செய்யப்போகிறவர்கள் இவற்றையாவது பாருங்கள். குழாயும் பிட்டிங்கும் மில்லிமீட்டரா அங்குலமா என்று காலிப்பரால் அளந்த பிறகே வெட்ட விடுங்கள். இறுக்கமாக இருக்கிறது என்று எமரி தாளை எடுத்தால் அங்கேயே வேலையை நிறுத்துங்கள். ரிங் எந்த ரப்பர் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். கருவியின் தாடை அந்தப் பிட்டிங் தயாரிப்பாளர் சொன்ன வடிவமா என்று கேளுங்கள். அழுத்தச் சோதனை முடியாமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள், தளத்துக்கு வெளியே ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். விறகு பாய்லரிலிருந்து வெந்நீர் வெளியேறும் இடத்தை ஒட்டிய பகுதியில் ரப்பர் ரிங் உள்ள இணைப்பே வேண்டாம் என்று அந்தப் பொறியாளர் சொன்னார். அங்கே பற்றவைப்பதுதான் சரி.

செவ்வாய்ப்பேட்டைப் பெரியவரை வெட்கத்தோடு அழைத்தேன். திங்கட்கிழமை வருகிறார். மரச்சட்டங்களின்மேல் ஈரச் சாக்கும் தகரமும் வைத்துப் பற்றவைத்துக்கொள்ளலாம், அதற்கு ஏன் அம்மா பயந்தீர்கள் என்று கேட்டார். இதை எழுதி முடித்துவிட்டு அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தேன். 1,86,400 ரூபாயை என்னிடமிருந்து விழுங்கிய அதே விளம்பரம், அதே படத்துடன், "110 டிகிரி உத்தரவாதம்" என்ற வரியுடன், இன்று காலையும் அங்கேயே இருக்கிறது.