கண்ணாடியில் எச்சரிக்கையா, வாயில் முத்திரையா?

கள்ளச்சாராயம் பழைய பாட்டிலில் புகுந்து நல்ல மது போல விற்பனையாவதைத் தடுக்க எதைக் கட்டுப்படுத்துவது? 1933இல் மதுவிலக்கை நீக்கிய அமெரிக்கா இரண்டையும் செய்து பார்த்தது.

பாட்டில்: 1935 முதல் 1964 வரை, மறுவிற்பனையும் மறுபயன்பாடும் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம் என்ற வாசகம் கண்ணாடியிலேயே வார்க்கப்பட்டது.
முத்திரை: வரி கட்டியதற்கான காகிதப் பட்டை மூடியின் மேல் ஒட்டப்பட்டது, 1985இல் கைவிடப்பட்டது.

செலவு: வாசகம் அச்சுவார்ப்போடு முடிந்துவிடும். பட்டையை ஒவ்வொன்றாக ஒட்டிக் கணக்கு வைக்க வேண்டும்.

ஆயுள்: கண்ணாடி எழுத்து அழியாது. ஆனால் உள்ளே இருப்பது புதிதா, மறுபடி நிரப்பியதா என்பதை அது சொல்லாது. மெத்தனால் கலந்திருந்தால் நாக்கும் காட்டிக்கொடுக்காது; இந்த ஒரு காரணத்துக்காகவே, திறந்தால் கிழியும் பட்டையை நான் உயர்வாக மதிக்கிறேன். போலிப் பட்டை அச்சிடுவோர் உண்டு என்பது அதன் குறை.

வாங்குபவரைக் காக்க, திறந்தால் உடையும் மூடியும் முத்திரையும். காலி பாட்டிலில் நிரப்பி விற்பவர் மீது வழக்குத் தொடுக்க, பாட்டில் சட்டம். அங்கே வாசகம் போனாலும் தடை நீடிக்கிறது: 1,000 டாலர் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.