தடையற்ற வீழ்ச்சியை அளக்கும் கருவி: ஒரு மதிப்பீடு

மின்காந்தம் விடுவிக்கும் எஃகுக் குண்டு கீழ்த்தட்டில் மோதும் வரையிலான நேரத்தை ஆயிரத்தில் ஒரு வினாடி வரை இந்தக் கருவி காட்டுகிறது. மின்னோட்டம் நின்ற பின்னும் எஞ்சிய காந்தத்தன்மை குண்டைச் சற்றே பிடித்துவைத்ததால், முதலில் எனக்குப் புவியீர்ப்பு முடுக்கம் 9.8-க்குப் பதிலாக 9.4 என்றே கிடைத்தது. உயரம் குறையக் குறைய, மொத்த நேரமே சிறிதாவதால், இப்பிழை பெரிதாகிறது. காந்தத்துக்கும் குண்டுக்கும் இடையே மெல்லிய காகிதத் துண்டை வைத்ததும் பெருமளவு சரியாயிற்று. இந்த எளிய வழியைக் கையேடு சொல்லாதது பெருங்குறை.

அதன்பின், உயரத்தை 25 சென்டிமீட்டரிலிருந்து நான்கு மடங்காக, அதாவது 1 மீட்டராக உயர்த்தியபோது, நேரம் 0.226 வினாடியிலிருந்து ஏறத்தாழ 0.452 வினாடியாக, இரு மடங்கு மட்டுமே கூடியதைக் கண்ணாரக் கண்டது, விழும் தொலைவு நேரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்ற சூத்திரத்தை எத்தனை முறை எழுதிப் பார்த்தும் கிடைக்காத தெளிவைத் தந்தது. தாங்கியும் அளவுகோலும் உறுதியானவை. குண்டு உருண்டோடாமல் தடுக்கும் கிண்ணத்தைத் தனியாக வாங்க வேண்டும்.