பென்ஹர் மியூசிக்: எந்த ரிலீஸ் வாங்கலாம்?

1959ல வந்த ஹாலிவுட் படம் பென்ஹரோட சவுண்ட்ட்ராக் வாங்கணும், எது நல்லதுன்னு இதுவரைக்கும் மூணு பேர் கேட்டாச்சு, மூணு பேருக்கும் வேற வேற பதில் சொல்லித் தொலைச்சிருக்கேன். அதான் ஒரே இடத்துல எழுதி வெச்சுடலாம்னு. ஒரே படம், ஒரே மியூசிக் டைரக்டர், ஆனா தேடினா அஞ்சாறு அட்டை வரும், எல்லாத்துலயும் மிக்லோஷ் ரோஜா பேரு கொட்டை எழுத்துல இருக்கும், உள்ள இருக்கறது மட்டும் வேற வேற ஊர்ல வேற வேற ஆளுங்க வாசிச்சது. (ஆமா, ரோஜாதான். ஹங்கேரி மொழியிலயும் அந்த வார்த்தைக்கு ரோஜாப்பூன்னுதான் அர்த்தம். மனுஷன் 1907ல புடாபெஸ்ட்ல பிறந்தவர்.)

முதல்ல அந்தக்கால எல்பி. படம் வந்த 1959லயே எம்ஜிஎம் ரெக்கார்ட்ஸ் போட்டது, தடியா ஒரு பெட்டி, கூடவே கெட்டி அட்டை போட்ட புக். அல்லிக்குளம் பக்கம் பழைய ரெக்கார்டு விக்கற கடையில இதைப் பார்த்துட்டு பேரம்கூட பேசாம தூக்கிட்டு வந்தேன், வீட்டுக்கு வந்து பின்னட்டையைப் பொறுமையா படிச்சா, கண்டக்டர் கார்லோ சவினா, வாசிச்சது ரோம் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா. அதாவது படத்துல நாம கேட்ட ரெக்கார்டிங்கே இது இல்ல! அப்போ அமெரிக்காவுல படத்துக்கு வாசிச்ச டேப்பை அப்படியே ரெக்கார்டா போட்டா மியூசிஷியன் யூனியனுக்கு தனியா இன்னொரு தடவை காசு கொடுக்கணும், நூறு பேர் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு அது எங்கயோ போயிடும், அதைவிட ஐரோப்பாவுல போய் புதுசா வாசிச்சு வாங்கறது மலிவு. அவ்ளோதான் விஷயம். ரெண்டாவதா ஒரு ஆல்பம் வந்துச்சு, அது எரிக் க்ளோஸ் கண்டக்ட் பண்ணது, ஜெர்மனியில. வாசிப்பு சுமார்தான், அதுக்காக யாரும் அலைய வேணாம்.

ஆனா சவினா எல்பியை மட்டம்னு சொல்ல மனசு வரல. ஒரிஜினல் இல்லங்கற கடுப்பு போனப்புறம் கேட்டா நல்லாத்தான் இருக்கு, அந்த பெட்டியும் புக்கும் ஷெல்ஃப்ல நிக்கற அழகே தனி. ஒருத்தரோட முதல் பென்ஹரா மட்டும் இது இருக்கக்கூடாது.

நிஜமா படத்துல வந்த டேப் வெளிய வந்து ஆளுங்க கைக்கு ஒழுங்கா கிடைச்சது 1996ல, ரைனோங்கற கம்பெனி போட்ட ரெண்டு சிடி செட். கிட்டத்தட்ட ரெண்டரை மணி நேரம். ரோஜாவே எம்ஜிஎம் ஸ்டுடியோவுல நின்னு கண்டக்ட் பண்ணது. பாவம், அவர் 1995லயே போய்ச் சேர்ந்துட்டார். இதை முதல் தடவை போட்டப்ப நான் எதிர்பார்த்தது தேர்ப் பந்தயம், டிராக் லிஸ்ட்ல மேலயும் கீழயும் தேடறேன், இல்லவே இல்ல. அப்புறம்தான் படத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், பந்தயம் ஓடற அந்த ஒன்பது நிமிஷ சொச்சமும் மியூசிக்கே கிடையாது, குதிரைக் குளம்பு, சக்கரம், ஜனங்க கூச்சல், அவ்ளோதான். மியூசிக் வர்றது அதுக்கு முன்னாடி தேருங்க வரிசையா சுத்தி வர்ற அணிவகுப்புக்கு. ஆனா அந்த அணிவகுப்பு மியூசிக்கைக் கேட்டுட்டு எல்லாரும் பந்தயத்துக்கே மியூசிக் இருந்த மாதிரி ஞாபகம் வெச்சிருக்காங்க, நானும்தான்.

அடுத்தது 2012ல ஃபிலிம் ஸ்கோர் மன்த்லி (சுருக்கமா எஃப்எஸ்எம்) போட்ட அஞ்சு சிடி பெட்டி. பைத்தியக்காரத்தனமான வேலை, நல்ல அர்த்தத்துல சொல்றேன். படத்தோட முழு ஸ்கோர், அதாவது பின்னணி இசை மொத்தமும், யூஸ் பண்ணாம விட்டது, மாத்தி வாசிச்சது, போதாக்குறைக்கு சவினா, க்ளோஸ் ரெண்டு பேரோட பழைய ஆல்பமும். சவுண்டும் ரைனோவைவிட தெளிவு, பித்தளை வாத்தியங்கள்ல அந்த இரைச்சல் குறைஞ்சிருக்கு. படம் எடுத்த வில்லியம் வைலர், ஏசு பிறக்கற சீனுக்கு எல்லாருக்கும் தெரிஞ்ச பழைய கிறிஸ்துமஸ் பாட்டு ஒண்ணைப் போடச் சொன்னாராம், ரோஜா முடியவே முடியாதுன்னு சொல்லிட்டு தானே ஒண்ணு எழுதினார். அந்த மாதிரி பிடிவாதம் பிடிச்ச ஆளு ஒரு சீனுக்கு எத்தனை விதமா யோசிச்சிருக்கார்னு பார்க்கணும்னா இந்த பெட்டிதான்.

பிரச்சனை என்னன்னா நான் இதை செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன், ஆன்லைன்ல ஒரு ஆளுகிட்ட, கொடுத்த காசை வீட்ல இன்னும் சொல்லல. பிரிச்சா நாலாவது சிடி இருக்க வேண்டிய இடத்துல ரெண்டாவது சிடியே இன்னொண்ணு இருக்கு. மெசேஜ் போட்டா பதிலே இல்ல, அப்புறம் அக்கவுண்டையே காணோம். அதனால செகண்ட் ஹேண்ட்ல வாங்கறவங்க அஞ்சு சிடியோட முகத்தையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, பெட்டியோட போட்டோவைப் பார்த்து மயங்காதீங்க.

இனி மறுபடி வாசிச்ச ரெண்டு. 1977ல ரோஜாவே லண்டன்ல நேஷனல் பில்ஹார்மானிக் ஆர்க்கெஸ்ட்ராவை வெச்சு டெக்கா கம்பெனியோட ஃபேஸ் ஃபோர்ங்கற ஸ்டீரியோ வரிசையில பண்ணது, ஒரே ரெக்கார்டு நீளம்தான். 2017ல டாட்லோ கம்பெனி நிக் ரெய்னை கண்டக்டரா போட்டு ப்ராக் நகர ஆர்க்கெஸ்ட்ராவோட முழு ஸ்கோரையும் ரெண்டு சிடியில பண்ணது.

எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்க ஒரே டிராக் போதும், அடிமைங்க துடுப்பு வலிக்கற சீன். மெதுவா ஆரம்பிச்சு, போர் வேகம், தாக்குற வேகம், மோதுற வேகம்னு உத்தரவு வர வர மியூசிக்கும் ஏறிட்டே போகும். ரைனோவுல இதைக் கேட்டா சங்கிலிச் சத்தம், துடுப்புச் சத்தம் எதுவும் இல்லாமலே மூச்சு வாங்கும், கடைசிக் கட்டத்துல ஆர்க்கெஸ்ட்ராவே கை வலிச்சு வாசிக்கற மாதிரி ஒரு ஓரம் பிசிறும், எனக்கு அந்தப் பிசிறுதான் வேணும். எஃப்எஸ்எம்ல அதே வாசிப்பு, அடிக்குரல் வாத்தியங்கள் தனித்தனியா காதுல விழுது. 1977ல ரோஜாவுக்கு எழுபது வயசு, நிதானமா பெருசா பண்றார், ஆனா ஃபேஸ் ஃபோர் ஆளுங்க மைக்கை ஒவ்வொரு வாத்தியத்து மூக்குலயும் நட்டு வெச்ச மாதிரி இருக்கும், இடது காதுல ஒண்ணு வலது காதுல ஒண்ணு, படகு ஏதோ ஷோரூம்ல நிக்குது. டாட்லோவுல சவுண்டு அபாரம், ஹெட்ஃபோன் போட்டா டிம்பனி முரசு நெஞ்சுல இடிக்கும், ஒரு நோட்டு தப்பில்ல. ஆனா அந்த அடிமைங்களுக்கு யாரோ சாப்பாடு போட்டுத் தூங்க வெச்சு கூட்டிட்டு வந்த மாதிரி ஒரு சுகம் அதுல தெரியுது. அநியாயமான கமெண்ட்டுதான், தெரியும்.

அதே டாட்லோவை கிளைமாக்ஸ்ல கேட்டா கட்சி மாறிடுவேன். கோரஸ் அல்லேலூயா எழும்பற இடத்துல பழைய டேப் நெரிசலாகி ஒரே சுவரா நிக்கும், இங்க மட்டும்தான் குரல் தனி, ஆர்கன் தனியா விரியும்.

மத்த படங்களுக்கும் ஒரிஜினல் டேப்தான் முதல்லங்கற இதே கணக்கு செல்லுமான்னா, செல்லாது. எல் சிட் படத்தோட 1961 ஆல்பமும் இதே மாதிரி மியூனிக்ல திரும்ப வாசிச்சதுதான், முழுசா வேணும்னா டாட்லோவோட 2008 ரெக்கார்டிங்குக்குத்தான் போகணும், அங்க நான் முணுமுணுக்கவே மாட்டேன். லாரன்ஸ் ஆஃப் அரேபியாவுக்கும் அவங்களோட 2010 செட்டுக்குத்தான் என் ஓட்டு. ஸ்பார்டகஸ் வேற கதை, வரீஸ் சரபாண்ட் 2010ல ஆறு சிடி பெட்டி போட்டாங்க, மொத்தமே 5000 பிரதி, அதுல அந்த லவ் தீமை மட்டும் வேற வேற ஆளுங்க வாசிச்ச வெர்ஷன்களே அவ்ளோ இருக்கு. டென் கமாண்ட்மென்ட்ஸுக்கு இன்ட்ராடா 2016ல போட்டதும் ஆறு சிடி. பெட்டி பெருசானா கேக்கறது குறையுதுங்கறது என் அனுபவம், ஸ்பார்டகஸ்ல நாலு சிடிக்கு மேல நான் போனதே ரெண்டு தடவைதான்.

அதனால மூணு பேருக்கும் இப்போ ஒரே பதில்: முதல்ல ரைனோ வாங்குங்க, செகண்ட் ஹேண்ட்னாலும் ரெண்டே சிடி, ஏமாந்தாலும் பாதிதான் போகும். காசு மிச்சம் இருந்தா டாட்லோ. எஃப்எஸ்எம் பெட்டி, ஏற்கனவே ரைனோவை மனப்பாடம் பண்ணவங்களுக்கு. 1977 எல்பி எங்கயாவது சல்லிசா மாட்டினா விடாதீங்க, தேடிப் போக வேணாம்.

என் பழைய கார்ல இன்னும் சிடி பிளேயர் இருக்கு, ரைனோவோட முதல் சிடி அதுலயேதான் கிடக்குது. போன வாரம் மத்திய கைலாஷ் சிக்னல்ல வண்டி அசையவே இல்ல, உள்ள மோதுற வேகம் ஓடிட்டு இருக்கு, பின்னாடி சீட்ல இருந்து பொண்ணு கேக்கறா, "அப்பா, இதை ஆஃப் பண்ணா வண்டி போகுமா?"