ராவ்4 ஹைபிரிட்ல மிஷெலின் எக்ஸ்-ஐஸ் ஸ்நோ: மைலேஜ குடிக்குறது டயரா, குளிரா?

கனடாவோட ஒட்டாவால ஹைபிரிட் (பெட்ரோல் இன்ஜினும் பேட்டரி மோட்டாரும் சேந்த வண்டி) வச்சிருக்குற நம்ம ஆளுங்க கிட்ட நவம்பர் வந்தா ஒரே பேச்சுதான், விண்டர் டயர் மாட்டுனதும் மைலேஜ் அப்படியே படுத்துருச்சு, இதுக்கா கூட காசு குடுத்து ஹைபிரிட் வாங்குனோம்னு. சில பேரு ஒரு படி மேல போயி, நாலு சக்கரத்தையும் ஓட்டுற ஆல் வீல் டிரைவ் தான் இருக்கே, வந்த டயரே போதும்னு குளிர்காலம் முழுக்க ஆல் சீசன் டயர்லயே ஓட்டுறாங்க. வீட்ல குழந்தைங்கள வச்சுக்கிட்டு இப்படி சொல்றத கேக்கும்போது எனக்கு பகீர்னு இருக்கு, அதனாலதான் இந்த ரிவ்யூவ கொஞ்சம் விரிவாவே எழுதுறேன்.

வண்டி டொயோட்டா ராவ்4 ஹைபிரிட். டயர் மிஷெலின் எக்ஸ்-ஐஸ் ஸ்நோ, சைஸ் 225/65ஆர்17, தனியா ஸ்டீல் ரிம் வாங்கி அதுல மாட்டுனது. இந்த வண்டிக்கு கனடால குடுத்திருக்குற பெட்ரோல் செலவு ரேட்டிங் சிட்டி ஹைவே ரெண்டும் சேத்து நூறு கிலோமீட்டருக்கு 6.0 லிட்டர். கோடைல எனக்கு அதுக்கு கொஞ்சம் கீழயே வரும், ஜனவரில எட்டு லிட்டர் கிட்ட போயிரும். இந்த ரெண்டு லிட்டர் வித்தியாசத்த மொத்தமா டயர் தலைல கட்டுறாங்க பாருங்க, அதுதான் எனக்கு ஒத்துக்க முடியல.

டயரோட பங்கு எவ்வளவுன்னு பாக்கணும்னா குளிர் வர்றதுக்கு முன்னாடியே மாத்திட்டு பாக்கணும். நான் நவம்பர் ஆரம்பத்துலயே மாட்டிட்டேன், அப்போ வெளிய இன்னும் 8 டிகிரி வாக்குல இருந்துச்சு, அதே ஆபீஸ் ரூட்டு, டயர்ல அதே காத்து அளவு, 417 ஹைவேல அதே ஸ்பீடு. 5.8 லிட்டர் இருந்தது 6.1 ஆச்சு. அவ்வளவுதான், அஞ்சு சதவீதம். அப்புறம் அதே டயரோட மைனஸ் 20ல அதே ரூட்டுக்கு 7.9 காட்டுச்சு. டயர் மாறல, வானிலை மட்டும்தான் மாறுச்சு.

அந்த 0.3லயும் ஒரு பகுதி கணக்குல வர்ற வித்தியாசம்தான், பெட்ரோல்ல இல்ல. புது விண்டர் டயர்ல பள்ளம் ஆழமா இருக்கும், தேஞ்ச பழைய டயர விட சுத்தளவு கொஞ்சம் கூட. அப்போ ஒரு சுத்துக்கு வண்டி போற தூரம் அதிகம், ஆனா ஓடோமீட்டர் அது தெரியாம பழையபடியே எண்ணும், ஓடுன தூரத்த கிட்டத்தட்ட ஒரு சதவீதம் கம்மியா காட்டும். மைலேஜும் அந்த அளவுக்கு மோசமா தெரியும்.

மிச்சம் இருக்குறது நிஜ செலவு, அதுக்கு காரணமும் இருக்கு. விண்டர் டயரோட ரப்பர் மெத்துன்னு இருக்கும், 7 டிகிரிக்கு கீழ சாதாரண டயர் ரப்பர் பழைய செருப்பு மாதிரி விறைச்சுக்கும்போது இது வளைஞ்சு குடுக்கும். ட்ரெட்ட, அதாவது டயர்ல ரோட்ட தொடுற பகுதிய, கிட்ட போயி விரலால பிரிச்சு பாருங்க, ஒவ்வொரு கட்டைலயும் பிளேடால கீறுன மாதிரி நெளிநெளியா வெட்டு இருக்கும், ஐஸ கடிச்சு பிடிக்குறது அந்த வெட்டோட விளிம்புதான். ஆனா அந்த கட்டைங்க ரோட்ட தொடும்போதெல்லாம் நசுங்கி நசுங்கி எந்திரிக்கும், அந்த நசுங்கல்ல போற சக்தி சூடா வீணாகுது. இன்னொரு விஷயம், ஹைபிரிட்டுக்கு கம்பெனில இருந்து வர்ற டயரே உருளும்போது இழுவை கம்மியா இருக்குற மாதிரி பாத்து போட்டதுதான், அதனால வேற எத மாட்டினாலும் சாதாரண கார்காரங்கள விட நமக்கு வித்தியாசம் பளிச்சுனு தெரியும். ஆனாலும் பயப்பட ஒண்ணுமில்ல, உருளுற இழுவை பத்து சதவீதம் ஏறினாக்கூட பெட்ரோல் ஒண்ணு ரெண்டு சதவீதம்தான் ஏறும்.

இப்போ குளிருக்கு வருவோம், நிஜமா டேங்க காலி பண்றது இதுதான். அமெரிக்க அரசோட எரிபொருள் தளத்துல போட்டிருக்கு, 25 டிகிரில இருந்து மைனஸ் 7க்கு இறங்கினா சிட்டி ஓட்டத்துல சாதாரண பெட்ரோல் கார் மைலேஜ் சுமார் 15 சதவீதம் விழும், ஹைபிரிட்டுக்கு 30ல இருந்து 34 சதவீதம்னு. ஏன் நமக்கு மட்டும் ரெட்டிப்பு? ஹைபிரிட்டோட லாபமே இன்ஜின நிறுத்தி வைக்குறதுலதான் இருக்கு. குளிர்ல அத நிறுத்த முடியாது. ஹீட்டருக்கு சுடுதண்ணி இன்ஜின்ல இருந்துதான் வரணும், குளிர்ந்த பேட்டரி சார்ஜையும் வேகமா வாங்காது, பிரேக் பிடிக்கும்போது திரும்பி கிடைக்கிறதும் குறையும். ஹைவேல காத்தும் எதிரி, மைனஸ் 10ல காத்தோட அடர்த்தி 25 டிகிரில இருக்குறத விட சுமார் 13 சதவீதம் கூட, அத கிழிச்சுக்கிட்டு போகணும்.

இத கண்ணாலயே பாக்கலாம். பேங்க் ஸ்ட்ரீட் சிக்னல்ல, வெளிய மைனஸ் 22, வண்டி நிக்குது, பேட்டரில பாதிக்கு மேல சார்ஜ் இருக்கு, ஆனா இன்ஜின் உறுமிக்கிட்டே இருக்கு, யாருக்காகன்னா ஹீட்டருக்காக. 23ல இருந்த ஹீட்டர 19க்கு இறக்கி சீட் ஹீட்டர போட்டேன், கொஞ்ச நேரத்துல இன்ஜின் அடங்கி, பேட்டரிலயே ஓடுதுன்னு காட்டுற ஈவி லைட் எரிஞ்சது. டயர கழட்டாமலே மைலேஜ் திரும்பி வந்துச்சு! பிளாக் ஹீட்டர் (கரண்ட்ல செருகி இன்ஜின சூடாக்குற கருவி) இருக்குறவங்க டைமர் போட்டு கிளம்புறதுக்கு ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடி ஓட விடுங்க, மூணு நாலு கிலோமீட்டர் போயி வர்ற சின்ன ஓட்டத்துக்கு அது ரொம்ப உதவும், ஏன்னா அந்த தூரத்துல இன்ஜின் சூடாகவே ஆகாது.

டயர் காத்த மறந்துறாதீங்க. வெப்பநிலை 5, 6 டிகிரி இறங்கினா டயர்ல 1 பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) போயிரும். 20 டிகிரி இருக்குற கராஜுக்குள்ள 33 அடிச்சு விட்டா மைனஸ் 20ல 26தான் நிக்கும். மைலேஜும் போகும், ஓரமும் தேயும், பிடிமானமும் கெடும். விண்டர் ரிம்முக்கு தனியா பிரஷர் சென்சார் போட சொன்னா நிறைய பேரு காசு மிச்சம்னு விட்டுறாங்க, அப்புறம் டேஷ்போர்டுல அந்த மஞ்ச லைட் குளிர்காலம் பூரா எரியும், நிஜமா காத்து இறங்கினாலும் தெரியாது. சென்சார் போடுங்க, அது வீண் செலவு இல்ல.

சரி, அந்த அஞ்சு சதவீதத்துக்கு என்ன கிடைக்குது? பிரேக். ஆல் வீல் டிரைவ் வண்டிய கிளப்புறதுக்கு உதவும், நிறுத்துறதுக்கு ஒரு பைசா உதவி கிடையாது, நிறுத்துறது அந்த நாலு ரப்பர் துண்டுதான். மழை பேஞ்சு உறைஞ்சு போன தெருல, ஸ்கூல் வாசல்ல ஒரு பையன் பந்த துரத்தி ரோட்டுக்கு வந்தப்போ நான் மிதிச்சேன், சக்கரம் பூட்டிக்காம பாத்துக்குற ஏபிஎஸ் லேசா துடிச்சது, வண்டி நேரா நின்னுச்சு. அதுக்கு மேல எனக்கு பெட்ரோல் கணக்கு பேச தோணல.

இந்த டயர பத்தி சொல்லணும்னா, ஐஸ்ல நல்ல நம்பிக்கை குடுக்குது, காஞ்ச ரோட்டுல சத்தமும் அவ்வளவா இல்ல. எல்லா விண்டர் டயரும் மாதிரி ஸ்டீயரிங் கொஞ்சம் தளர்வா இருக்கும், ரெண்டு நாள்ல பழகிரும். ஒன்னு இருநூறு டாலருக்கு மேல, நாலும் ரிம்மும் சென்சாரும் சேந்தா பர்ஸ் கனமா அடி வாங்கும், ஆனா 60,000 கிலோமீட்டர் ட்ரெட் வாரண்டி இருக்கு, இது ஓடுற மாசமெல்லாம் கோடை டயர் தேயாம இருக்கு. ஒண்டாரியோல விண்டர் டயர் போட்டவங்களுக்கு இன்சூரன்ஸ்ல தள்ளுபடி குடுத்தே ஆகணும்னு 2016 ஜனவரில இருந்து விதி இருக்கு, போன் பண்ணி நீங்களா கேளுங்க. 18, 19 இன்ச் வீலோட வந்த ராவ்4 ஹைபிரிட்காரங்க விண்டருக்கு 17க்கு இறங்கிடுங்க, டயர் விலையும் குறையும். ஆத்துக்கு அந்தப் பக்கம் கேட்டினோல வண்டி பதிஞ்சவங்களுக்கு யோசிக்கவே இடமில்ல, கியூபெக்ல டிசம்பர் 1ல இருந்து மார்ச் 15 வரைக்கும் இது சட்டம், மலைக்குள்ள பனிப்பூ வரைஞ்ச சின்னம் டயர் பக்கவாட்டுல இருக்கணும்.

ஏப்ரல்ல பகல் நேரம் 7 டிகிரிக்கு மேல நிலையா நின்னதும் கழட்டிருங்க. வெயில் ரோட்டுல இந்த மெத்து ரப்பர் வேகமா கரையும், பிரேக்கும் கோடை டயர் அளவுக்கு பிடிக்காது, அப்போ போற அந்த அஞ்சு சதவீத பெட்ரோல்தான் நிஜமாவே தண்டம்.