47,500 ரூபாய் போச்சு: உங்கள் டொமைன் (இணைய முகவரி) யார் பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்

"ஏங்கண்ணு, நம்ம கடையத் தொறந்தா ரம்மி ஆடக் கூப்புடுது?"

முந்தாநாள் காலை ஏழு மணிக்கு பவானியிலிருந்து அக்கா போனில் கேட்டது இது. ஜமக்காளம் நெய்து விற்கிற குடும்பம். அவர்களுக்கு இணையதளம் செய்துகொடுத்தவன் நான். தளம் நின்று இரண்டரை மாதம் ஆகிறது, திரும்ப வந்துவிட்டதா என்று அக்கா தினமும் காலையில் ஒருமுறை திறந்து பார்ப்பார். முந்தாநாள் வந்தது. பச்சைப் பின்னணியில் சீட்டுக்கட்டு விசிறி மாதிரி விரிகிறது, கீழே போனஸ் பட்டன் மின்னுகிறது. மேலே முகவரிப் பட்டையில் அவருடைய மாமனார் பெயரில் நாங்கள் தேடிப் பிடித்த அதே டாட் காம்.

எங்களுக்கு அந்த டொமைனை விற்ற கடையின் பெயரைப் போடவில்லை, புகார் நடக்கிறது. வகை மட்டும் சொல்கிறேன். டொமைன், ஹோஸ்டிங் (தளத்தை வைக்கிற சர்வர் இடம்) எல்லாவற்றையும் பெரிய நிறுவனத்திடம் மொத்தமாக எடுத்து நமக்குச் சில்லறையாக விற்கிற ரீசெல்லர் கடை. மாடியில் ஒரு ஏசி அறை, கண்ணாடிக் கதவு, இரண்டு பையன்கள்.

நான் ஏன் அங்கே போனேன்? 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் தானியங்கிப் பற்று விதி அமலுக்கு வந்ததிலிருந்து, கார்டில் மாதாமாதம், வருடாவருடம் தானாகப் போய்க்கொண்டிருந்த வெளிநாட்டுக் கட்டணங்கள் பலருக்கும் நின்று போயின. எனக்கே இரண்டு சர்வர் அப்படி நின்றது. கேட்காமல் யாரும் நம் காசை எடுக்கக் கூடாது என்பதற்காக வந்த விதி, நோக்கம் நல்லதுதான். ஆனால் அக்காவிடம் கிரெடிட் கார்டும் கிடையாது, ஒவ்வொரு வருடமும் நினைவு வைத்துப் புதுப்பிக்க ஆளும் கிடையாது. உள்ளூரில் ரூபாயில் ஜிஎஸ்டி பில்லோடு ஒரே தடவையில் ஐந்து வருடத்துக்குக் கட்டிவிடலாம் என்று ஒருவன் சொன்னால் யாருக்குத்தான் மனம் சாயாது.

டொமைன் 6,500, ஹோஸ்டிங் 32,000, எஸ்எஸ்எல் (தளத்துக்கான பாதுகாப்புச் சான்றிதழ்) 9,000. மொத்தம் 47,500 ரூபாய். கடைக்காரர் என் எதிரிலேயே பில்லைப் பிரிண்ட் எடுத்தார், 'ஐந்து வருடம்' என்று தடித்த எழுத்தில். கிளம்பும்போது கேட்டேன், "டொமைன் அக்கா பேர்லதானே போடுறீங்க?" அவர் டீயை என் பக்கம் நகர்த்திக்கொண்டே, "ஓடிபி அது இதுன்னு அக்காவத் தொந்தரவு பண்ண வேண்டாங்ணா, இப்போதைக்கு நம்ம மெயில் ஐடி போட்டுட்டு அப்புறம் மாத்திக்கலாம், நம்மள மீறி எங்க போயிரும்" என்றார். பேச்சில் அவ்வளவு பிரியம். நானும் சரி என்றேன். பத்து வருடமாக இந்த வேலை பார்க்கிறவன் சரி என்றேன்.

அப்புறம் தெரிந்தது இவை. டொமைன் பதிவானது ஒரே ஒரு வருடத்துக்கு, அதுவும் அவர் பெயரில். ஹோஸ்டிங் மாதக் கட்டணத்தில் எடுத்த மிக மலிவான திட்டம். 9,000 ரூபாய் எஸ்எஸ்எல் என்பது லெட்ஸ் என்கிரிப்ட், உலகத்துக்கே இலவசமாகக் கிடைப்பது, காலாவதியாகும் முன் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். முகவரிப் பட்டையின் ஓரத்தில் இருக்கிற குறியை அழுத்தினால் யார் கொடுத்த சான்றிதழ் என்று தெரிந்துவிடும். இரண்டாம் மாதமே பார்த்தேன், கேட்டேன், "அதுக்கு மேல நம்ம சப்போர்ட் இருக்குதுங்ணா" என்றார். அன்றைக்கே மற்றதையும் தோண்டியிருக்க வேண்டும்.

தளம் நின்ற அன்று, உலக அளவில் டொமைன்களை ஒழுங்குபடுத்துகிற ஐகான் அமைப்பின் தேடல் பக்கத்தில் முகவரியைப் போட்டுப் பார்த்தேன். காலாவதியாகி ஒன்பது நாள். டாட் காம் போன்றவற்றுக்குக் காலாவதிக்கு ஒரு மாதம் முன்பும், ஒரு வாரம் முன்பும், முடிந்த பிறகும் பதிவு நிறுவனம் உரிமையாளருக்கு நினைவூட்டல் அனுப்பியே ஆக வேண்டும், ஐகான் விதி அது. அனுப்பியிருப்பார்கள். எல்லாம் அவருடைய மெயிலுக்கு. அதன்பின் சில வாரம் சலுகைக் காலம், 30 நாள் மீட்புக் காலம், கடைசியில் 5 நாள், அப்புறம் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அந்த ஒவ்வொரு நாளையும் நான் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைக்காரரிடம் கேட்டால் தினமும் ஒரு பதில். "பில்லிங் சாப்ட்வேர்ல அப்டேட் ஆகலைங்ணா, இன்னிக்கு நைட் வந்துரும்." "டிக்கெட் போட்டுருக்கேன்." "சீனியர் ஊர்ல இல்ல." "அவங்க மாமா தவறிட்டாங்க." மீட்புக் காலம் தொடங்கியதும் குரலே மாறிவிட்டது, மீட்க 14,000 தனியாகக் கட்ட வேண்டுமாம். ஐந்து வருடத்துக்கு 47,500 வாங்கினீர்களே என்றேன். போனை வைத்தார். அடுத்த நாளிலிருந்து வாட்ஸப்பில் ஒற்றை டிக். நேரில் போனால் பையன், "அண்ணன் இப்பத்தான் கெளம்புனாரு." நாற்காலிக்கு மேல் பேன் ஓடிக்கொண்டிருக்கிறது, டீ டம்ளர் சூடாக இருக்கிறது.

ரீசெல்லருக்கு மேலே இருக்கிற பதிவு நிறுவனத்துக்கு எழுதினேன், பில்லை இணைத்து. பதில் இரண்டு வரி: பதிவில் உள்ள உரிமையாளர் நீங்கள் இல்லை, உங்கள் ரீசெல்லரைத் தொடர்புகொள்ளுங்கள். ஸ்டேஷனில் எழுத்தர் டொமைன் என்றால் இடமா, கட்டடமா என்று கேட்டார். நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிந்திருக்கிறேன், பார்க்கலாம்.

இதில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 2015இல் இணையச் சமநிலைக்காக, அதாவது எல்லாத் தளங்களையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்பதற்காக, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு லட்சக்கணக்கில் மின்னஞ்சல் போனதே, அதில் ஒன்று என்னுடையது. 2016 பிப்ரவரியில் தளத்துக்குத் தளம் டேட்டாவுக்கு வேறு வேறு கட்டணம் வைப்பதற்கு டிராய் தடை போட்ட அன்று ஆபீசில் இனிப்பு கொடுத்தேன். பெரிய சந்தைத் தளங்களின் தயவில் நிற்காதீர்கள், உங்களுக்கென்று சொந்த முகவரி வேண்டும் என்று அக்காவிடம் அரைநாள் பேசிச் சம்மதிக்க வைத்ததும் நான்தான். இன்னும் அதைத்தான் நம்புகிறேன். ஆனால் முகவரி இன்னொருவன் பெயரில் இருக்கும்வரை சுதந்திரம் என்று எதைச் சொல்வது? 2018இல் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் வந்த பிறகு உரிமையாளர் பெயர் பொதுத் தேடலில் மறைக்கப்படுகிறது. அது சரியான விஷயம், வீட்டு முகவரியை ஊருக்கே காட்டத் தேவையில்லை. அந்தத் திரைக்குப் பின்னால் ரீசெல்லர் தன் பெயரை வைத்துக்கொண்டால் வாங்கியவருக்கே தெரியாது என்பதற்குத்தான் வழி வேண்டும். காசு கட்டியவருக்கு உரிமையாளர் பதிவின் நகல் கட்டாயம் என்று ஒரே ஒரு விதி போதும். இணையத்தில் என்ன பேசலாம், எதை முடக்கலாம் என்பதற்கு இங்கே விதிமேல் விதி வருகிறது, இதற்கு ஒன்றும் வரவில்லை.

ரம்மிப் பக்கத்தைவிட எனக்குப் பயம் மின்னஞ்சல்தான். ஆர்டர், கூரியர் கணக்கு, பணம் வாங்குகிற கேட்வே எல்லாம் அந்த டொமைன் முகவரியில் இருந்தன. புதிதாக எடுத்தவன் நினைத்தால் அந்த முகவரிக்கு வரும் கடிதங்களை அவன் பெட்டிக்குத் திருப்பலாம், பாஸ்வேர்டு மாற்றும் இணைப்பு உட்பட. இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றினேன். தளத்தின் நகல் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, முகவரிதான் இல்லை. 47,500 ரூபாயை அக்காவுக்கு நானே கொடுத்துவிட்டேன், வேண்டாம் என்றுதான் சொன்னார். அச்சடித்த இரண்டாயிரம் பைகளில் பழைய முகவரி மேல் அவர் மகள் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருக்கிறாள்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. டொமைனை உங்கள் பெயரில், உங்கள் மெயிலில், நீங்களே வாங்குங்கள். பில்லை நம்பாதீர்கள், காலாவதித் தேதி பொதுத் தேடலில் தெரியும், அதைப் பாருங்கள். டொமைனும் ஹோஸ்டிங்கும் ஒரே ஆளிடம் வேண்டாம். வேறு நிறுவனத்துக்கு மாற்றுவதற்கான குறியீட்டை இன்றே கேளுங்கள், உரிமையாளர் கேட்டால் ஐந்து நாளுக்குள் தர வேண்டும், இழுத்தால் அங்கேயே ஏதோ இருக்கிறது.

இன்று மதியம் நண்பர் ஒருவர் அந்தக் கடைக்காரரின் வாட்ஸப் ஸ்டேட்டஸைப் படம் பிடித்து அனுப்பினார். 'ஐந்து வருட பேக்கேஜ், நெசவாளர்களுக்குச் சிறப்புச் சலுகை.' ஈரோடு, கரூர் பக்கம் இருப்பவர்கள் இதை உங்கள் குரூப்புகளில் போடுங்கள்.