போல்ட் குழிக்குள் காய்ந்த செம்மண்: ஃபோர்க்கை சர்வீஸுக்கு விடுகிறவர்கள் கவனிக்கவும்

மலைச் சைக்கிளின் சஸ்பென்ஷன் ஃபோர்க்கை (முன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அதிர்ச்சியைத் தாங்கும் இரட்டைக் கால்) சர்வீஸுக்கு விடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கோயம்புத்தூரில் ஒரு கடையில் 3,800 ரூபாய் கொடுத்து நான் வாங்கி வந்தது ஒரு துடைப்பும் கொஞ்சம் சிலிக்கான் ஸ்ப்ரேயும்தான்.

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டப் பாதைகளில் ஒரு மழைக்காலம் முழுக்க ஓட்டியதில் ஃபோர்க் இறுகிப்போயிருந்தது. சின்னக் கல்லுக்கு அசையாது, பெரிய பள்ளத்தில் மட்டும் திடுக்கென்று இறங்கும். 'லோயர் சர்வீஸ், தூசி சீல் மாற்றம், புது ஆயில்' என்று பில்லில் அழகாக எழுதியிருந்தார்கள். மேல் குழாய்கள் சறுக்கி இறங்கும் கீழ்க்கால்களைக் கழற்றிச் செய்ய வேண்டிய வேலை அது. திரும்ப எடுத்தபோது மேல் குழாய்கள் கண்ணாடியாக மின்னின. அழுத்தினால் வழுக்கிக்கொண்டு இறங்கியது. நானும் மகிழ்ந்து வந்துவிட்டேன்.

பத்தே நாள், பழைய பிடித்தம் திரும்பிவிட்டது. அந்தப் பத்து நாளும் அலுவலகத்துக்குத் தார்ச்சாலையில்தான் ஓட்டினேன், மண்ணில் இறங்கவே இல்லை. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது.

நாமே பார்த்துவிடுவோம் என்று ஃபோர்க்குக்குள் இருக்கும் காற்றை இறக்கிவிட்டு, அதன் இடது காலின் அடி போல்ட்டில் அலன் கீயை வைத்தேன். நுழையவில்லை. அறுகோணக் குழி முழுக்கக் காய்ந்த செம்மண். ஊக்கால் கிளறக் கிளற, ஆறு பக்கமும் அச்செடுத்தாற்போல ஒரு சின்னக் கட்டி உள்ளங்கையில் விழுந்தது. அந்த போல்ட் கழலாமல் ஃபோர்க்கின் கீழ்க்கால் கழலாது. கீழ்க்கால் கழலாமல் சீலும் இல்லை, ஆயிலும் இல்லை. தோட்டத்து மண் அங்கேயே குடியிருக்கிறது என்றால், எந்தக் கருவியும் உள்ளே போகவில்லை.

திறந்ததும் சந்தேகமே இல்லாமல் போயிற்று. சில மில்லி ஆயிலாவது வடிய வேண்டிய இடத்தில் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் நாலைந்து சொட்டு. சீலுக்கு அடியில் ஆயிலில் ஊறியிருக்க வேண்டிய பஞ்சு வளையம் ரஸ்க்காகக் காய்ந்திருந்தது. வலது மேல் குழாயின் பின்புறம் கறுப்புப் பூச்சு தேய்ந்து வெள்ளி தெரிந்தது. அந்தத் தேய்மானத்தில் என் பங்கும் உண்டு: கீழ்க்காலுக்கு 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை சர்வீஸ் என்கிறது ஃபோர்க் தயாரிக்கும் ராக்‌ஷாக்ஸ், 125 மணி நேரம் அல்லது ஓராண்டு என்கிறது இன்னொரு தயாரிப்பாளரான ஃபாக்ஸ், நான் இரண்டையும் தாண்டியவன். ஆனால் கடையில் ஒருமுறை திறந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார்களே! பூச்சு போன குழாயை ஒட்டுப்போட முடியாது, மேல் பகுதியை மொத்தமாகத்தான் மாற்ற வேண்டும்.

'டியூனிங்' வேறு தனியாக 400 ரூபாய். என் எடை என்னவென்று யாரும் கேட்கவில்லை. 140 மில்லிமீட்டர் வரை அமுங்கக்கூடிய ஃபோர்க்கில் நான் ஏறி நின்றால் 20 சதவீதம், அதாவது 28 மில்லிமீட்டர் அளவுக்கு அமுங்க வேண்டும். மேல் குழாயில் ஏறி இறங்கும் ரப்பர் வளையத்தை வைத்து அளந்தால் 12. கிடைத்த வரைக்கும் காற்றை ஏற்றிவிட்டார்கள், அவ்வளவுதான்.

கடைக்குப் போனேன்.

"பழைய சீலைக் கொடுங்கள் அண்ணா."

"அதையெல்லாம் அன்றைக்கே குப்பையில் போட்டாயிற்று தம்பி."

கழற்றிய சீலையும் மண் கட்டியையும் மேசைமேல் வைத்தேன். சிறிது நேரம் பார்த்துவிட்டு, சீலுக்கு வாங்கிய 1,500 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். கூலி கூலிதானாம். எதற்குக் கூலி என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

இனி விடுகிறவர்கள் பழைய சீலையும் வடித்த ஆயிலையும் எடுத்து வைக்கும்படி முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதைவிட எளிதான வழி, வீட்டிலிருக்கும் நகப்பூச்சு. இடது அடி போல்ட்டின் தலையிலிருந்து கீழ்க்கால் வரை மெல்லிய கோடு ஒன்று இழுத்துக் காயவிடுங்கள். வலது பக்கம் ரீபவுண்ட் திருகு (அமுங்கிய ஃபோர்க் மேலெழும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது) மறைக்கும், இடது போதும். போல்ட்டைத் திருகினால் கோடு உடைந்தே தீரும். திரும்ப எடுக்கும்போது குனிந்து பாருங்கள். கோடு முழுதாக இருந்தால் பணப்பையைத் திறக்காதீர்கள்.