புள்ளி போன கீபோர்டுக்கு எது மருந்து?

லேப்டாப்பில் டீயைக் கொட்டினேன், எஃப் கீ மட்டும் செத்தது. நான் அடிக்கும் தமிழ்99 கீபோர்டு லேஅவுட்டில் புள்ளி இருப்பதே அங்கேதான். ‘வணக்கம்’ அடித்தால் ‘வணககம’ என்று பல்லிளித்தது. சென்னை ரிச்சி தெரு கடைகளில் விசாரித்தால், ஒரு கீயை மட்டும் மாற்ற முடியாது, முழு கீபோர்டும் போடணும் என்றார்கள். கேப்ஸ் லாக் சும்மாதானே கிடக்கிறது, தமிழுக்கு ஏது பெரிய எழுத்து? அதையே எஃப் ஆக்கிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

லேப்டாப்பில் ஓடுவது லினக்ஸ். பழக்கதோஷத்தில் முதலில் எக்ஸ்மாட்மேப் என்ற பழைய கருவி. கேப்ஸ் லாக்கின் எண்ணான கீகோடு 66-க்கு எஃப் என்று ஒரு வரி, அதன் லாக் வேலையைக் கழற்ற இன்னொரு வரி. ஆங்கிலத்தில் ஜோராக வேலை செய்தது. தமிழுக்குத் தாவினால் புள்ளி வரவில்லை, அதே ஆங்கில எஃப்தான் விழுந்தது. இது கீயை மாற்றுவதில்லை, கீ தரும் எழுத்தை மாற்றுகிறது. தமிழுக்குத் தனியாக எழுத வேண்டும். அதையும் எழுதினேன். லேஅவுட்டை மறுபடி ஏற்றியதும் எல்லாம் அழிந்தது. இது லினக்ஸின் பழைய திரை அமைப்பான எக்ஸுக்கு உரியது; புதிதான வேலண்டுக்குப் போய்விட்டவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

டெஸ்க்டாப் செட்டிங்ஸில் கேப்ஸ் லாக்கை எஸ்கேப், கன்ட்ரோல் ஆக்கும் ரெடிமேட் ஆப்ஷன்கள் உண்டு. எஃப் அந்தப் பட்டியலில் இல்லை.

அடுத்து கீடி. பின்னணியில் ஓடும் சின்ன புரோகிராம். லினக்ஸின் அடித்தளமான கர்னலுக்குப் பக்கத்திலேயே கீயை மாற்றிவிடுவதால் எக்ஸோ வேலண்டோ, எந்த மொழியோ, அதற்குக் கவலையில்லை. தட்டினால் ஒன்று, அழுத்திப் பிடித்தால் வேறொன்று என்றும் வைக்கலாம். ஆசைப்பட்டு, தட்டினால் எஃப், பிடித்தால் கன்ட்ரோல் என்று வைத்தேன். வேகமாக ‘வந்தது’ அடிக்கையில், புள்ளியிலிருந்து விரலை எடுப்பதற்குள் ‘த’ விழுந்துவிடும். ‘த’ இருப்பது எல் கீயில். கன்ட்ரோல் எல் ஆகி, கர்சர் பிரவுசரின் அட்ரஸ் பாருக்கு ஓடிவிட்டது! எழுத்துக் கீக்கு இந்த வித்தை ஆகாது. கீடியின் கன்ஃபிக் ஃபைலை ஏடாகூடமாக எழுதி மாட்டிக்கொண்டால் பேக்ஸ்பேஸ், எஸ்கேப், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், கீடி நின்றுவிடும்.

கடைசியில் நிலைத்தது எச்டபிள்யூடிபி. லினக்ஸில் கருவிகளைக் கவனிக்கும் யுடெவ் வைத்திருக்கும் ஹார்டுவேர் டேட்டாபேஸ் அது. லேப்டாப்பின் சொந்தக் கீபோர்டில் கேப்ஸ் லாக்கின் ஸ்கேன்கோடு, அதாவது அந்தக் கீ அனுப்பும் எண், 3ஏ (யூஎஸ்பி கீபோர்டு என்றால் 70039). அது எஃப் என்று ஒரு ஃபைலில் எழுதி, டேட்டாபேஸைப் புதுப்பித்தால் முடிந்தது. எதுவும் பின்னணியில் ஓடாது, லாகின் திரையிலும் வேலை செய்யும். ஒரு கீக்குப் பதில் இன்னொரு கீ, அதற்கு மேல் வித்தை தெரியாது. எனக்கு அது போதும்.

போன வாரம் அக்கா பையன் வந்து உட்கார்ந்தான். பாஸ்வேர்டில் ஒரே ஒரு பெரிய எழுத்துக்கும் கேப்ஸ் லாக்கைத் தட்டுகிறவன். மூன்று தடவை தப்பாகப் போனதும் திரும்பிப் பார்த்தான்: “மாமா, உங்க கீபோர்டு இன்னும் சரியாகல.”